வில்லங்கம் இல்லை என்னும் ஒரு வரி

(விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழ்நாட்டில் எழுதப்பெறும் கிரயப் பத்திரங்களில் பெரும்பாலும் தவறாமல் இடம்பெறும் ஒரு வரி உண்டு. விற்கப்படும் சொத்தின்மேல் அடமானம், முன்விற்பனை, ஜப்தி, நீதிமன்ற வழக்கு முதலிய எவ்வித வில்லங்கமும் விவகாரமும் இல்லை என்றும், பின்னாளில் ஏதேனும் தோன்றினால் விற்பவரே தம் சொந்தச் செலவில் முன்னின்று தீர்த்துக் கொடுப்பார் என்றும் அவ்வரி கூறும். பத்திர எழுத்தர் அதனை வழக்கம்போல் சேர்த்துவிடுவார். சார்பதிவாளர் அலுவலகத்தின் நெரிசலில் விற்பவர் அதனைப் படிக்காமலேயே கையெழுத்திடுவார். வாங்குபவரும் படிக்காமலேயே பெற்றுக்கொள்வார். ஆயினும், பக்கத்து வீட்டாரோடு ஒரு சந்தைக் குறித்தோ ஒரு சுவரைக் குறித்தோ தீராத தகராறு இருக்குமானால், அந்த வீட்டின் பத்திரத்தில் அவ்வரி பொய்யாகிவிடுகிறது.

வீட்டை விற்பவர் அண்டை வீட்டாருடன் உள்ள தகராறை வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டுமா? சொல்ல வேண்டுமெனில் எதனை, எவ்வளவு, எவ்வாறு சொல்வது? இவ்வுரை இக்கேள்விகளைப் பற்றியதே.

வந்தவாசி, ஆரணி, போளூர், செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களின் சிற்றூர்களில் ஜினாலயத்தை ஒட்டிய தெருக்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் பல. கல்விக்கும் பணிக்கும் பிள்ளைகள் நகரங்களுக்குச் சென்றுவிட்டனர். பெற்றோர் மறைந்தபின் பூட்டிக் கிடக்கும் பூர்விக வீட்டை விற்பதைத் தவிர வேறு வழியில்லை என்னும் நிலை பல குடும்பங்களுக்கு வருகிறது. அந்தப் பழைய வீடுகளின் அமைப்பு தனித்தன்மை உடையது. இரண்டு வீடுகள் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும். ஒரு வீட்டின் ஓட்டுச் சரிவில் வடியும் மழைநீர் அடுத்த வீட்டின் முற்றத்தில் விழும். ஒரு கிணற்றில் இருவருக்குப் பாதிப் பாதி உரிமை இருக்கும். பின்கட்டுக்குப் போகும் வழி அடுத்தவர் மனையின் ஊடே செல்லும். இவையெல்லாம் பாட்டன்மார் வாய்ச்சொல்லால் செய்துகொண்ட ஏற்பாடுகள். அவர்கள் இருந்தவரை அவை ஏற்பாடுகளாகவே இருந்தன. அவர்களுக்குப் பின், ஏதேனும் ஒரு வீட்டைப் புதுப்பித்துக் கட்டும்போது அவை தகராறுகளாகின்றன.

தகராறு முற்றும் காலமும் வீட்டை விற்க முனையும் காலமும் பல வேளைகளில் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. “விற்றுவிட்டால் தொல்லை விட்டது” என்று குடும்பத்தினர் எண்ணுகின்றனர். தரகரும், “அதையெல்லாம் நீங்கள் ஏன் சொல்கிறீர்கள்? கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்” என்று கூறுவார். இந்த இடத்தில்தான் சட்டம் என்ன சொல்கிறது என்பதை அறிதல் வேண்டும்.

1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, விற்பவர், வாங்குபவர் ஆகிய இருவருடைய கடமைகளையும் வரிசைப்படுத்துகிறது. இருவரும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாதவரை அக்கடமைகள் அவர்களைக் கட்டுப்படுத்தும். விற்பவரின் கடமைகளுள் முதலாவது, முக்கியக் குறைபாட்டை வெளிப்படுத்துதல். சொத்திலோ, சொத்தின்மேல் விற்பவருக்குள்ள உரிமையிலோ இருக்கும் குறைபாடு விற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்; வாங்குபவருக்குத் தெரியாததாக இருக்க வேண்டும்; சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் வாங்குபவரால் கண்டுபிடிக்க இயலாததாக இருக்க வேண்டும். இம்மூன்றும் பொருந்தினால், கேட்டாலும் கேளாவிட்டாலும் விற்பவர் அதனைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுதல் மோசடியாகும் என்று அப்பிரிவே இறுதியில் உரைக்கிறது. அடுத்து, சொத்தைக் குறித்தும் உரிமையைக் குறித்தும் வாங்குபவர் கேட்கும் தொடர்புடைய கேள்விகளுக்கெல்லாம், தாம் அறிந்த அளவில் விற்பவர் விடை கூற வேண்டும் என்பதும் அதே பிரிவின் கட்டளை.

இக்கடமை ஒருபக்கமானது அன்று. சொத்தில் விற்பவருக்குள்ள உரிமையின் தன்மையோ அளவோ அதன் மதிப்பைப் பெரிதும் உயர்த்தக்கூடியதாக இருந்து, அது விற்பவருக்குத் தெரியாது என்று வாங்குபவர் கருத இடமிருந்தால், வாங்குபவரும் அதனை மறைத்தல் கூடாது. அவ்வாறு மறைப்பதும் மோசடியே என்று அதே பிரிவு கூறுகிறது. ஆகவே, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்ல வேண்டும் என்பதே அந்தப் பிரிவின் உட்பொருள்.

ஆனால் அண்டை வீட்டுச் சண்டைகள் எல்லாம் சொத்தின் குறைபாடுகள் ஆகிவிடுமா? ஆகா. இங்கே வேறுபாடு அறிதல் இன்றியமையாதது. ஒரு காலத்தில் பிள்ளைகளின் விளையாட்டை முன்னிட்டு எழுந்த மனத்தாங்கல், ஒரு திருமண அழைப்பு விடுபட்டதால் நின்றுபோன பேச்சுவார்த்தை ஆகியன விற்பவரோடு போய்விடுவன. அவற்றைக் கிளறிச் சொல்லத் தேவையில்லை. எல்லைக் கல், பொதுச்சுவர், நடைவழி, நீர் வடியும் வழி, கிணற்றுப் பங்கு, சன்னல் வெளிச்சம் ஆகியவை பற்றிய தகராறுகள் அத்தன்மையன அல்ல. அவை மண்ணோடு ஒட்டியவை. விற்பவர் ஊரைவிட்டுச் சென்றாலும் அவை அங்கேயே இருந்து, வாங்குபவரின் தலைமேல் ஏறும். ‘இது தெரிந்திருந்தால் இந்த வீட்டை இவர் வாங்கியே இருக்கமாட்டார்’ என்று நியாயமாகக் கருதக்கூடிய தகராறு எதுவோ அது முக்கியமானது. இதுவே அளவுகோல்.

எடுத்துக்காட்டாக ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். தெருவை நோக்கிய பழைய ஓட்டு வீடு. பின்கட்டுக்குச் செல்ல, அடுத்த வீட்டாரின் மனையைச் சேர்ந்த மூன்றடிச் சந்து. அச்சந்தின் வழியே இரு தலைமுறைகள் தடையின்றி நடந்து வந்துள்ளன. பதினெட்டு மாதங்களுக்கு முன் அடுத்த வீட்டார் சந்தின் முனையில் ஓர் இரும்புக் கதவை வைத்துப் பூட்டினர். வீட்டுக்குரிய முதியவர் ஆட்சேபித்தார், காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது பெற்றார், பின்னர்க் காலமானார். சென்னையிலுள்ள மகனும் பெங்களூரிலுள்ள மகளும் வீட்டை விற்க முடிவு செய்தனர். வாங்க வந்தவர், ஓய்வுபெற்று ஊரில் வந்து தங்க விரும்பும் ஓர் ஆசிரியர். அவர் வீட்டைப் பார்க்க வந்த நாளில் அடுத்த வீட்டில் கொத்தனார் வேலை நடந்ததால் கதவு திறந்தே கிடந்தது. சந்து வழியாகவே அவரைப் பின்கட்டுக்கு அழைத்துச் சென்று காட்டினர். கதவைப் பற்றியோ மனுவைப் பற்றியோ எவரும் பேசவில்லை.

எட்டு மாதம் கழித்து அவர் குடிவந்தார். கதவு பூட்டியிருந்தது. கேட்டதற்கு, “ஐயா, இந்தச் சந்து விவகாரம் உங்களுக்கு முன் இருந்தவர்களுக்குத் தெரியுமே! அவர்கள் சொல்லவில்லையா?” என்று அடுத்த வீட்டார் வியந்தனர்.

அந்த ஆசிரியர் இழந்தது மூன்றடிச் சந்தை மட்டுமன்று. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, ஒருவர் மற்றொருவர் நிலத்தின் வழியாக 20 ஆண்டுகள் அமைதியாகவும் வெளிப்படையாகவும் உரிமையோடும் இடையறாது நடந்துவந்தால் அவ்வழியில் அவருக்கு உரிமை கிட்டும். ஆனால் அந்த 20 ஆண்டுக் காலம், வழக்குத் தொடரும் நாளுக்கு முந்திய 2 ஆண்டுகளுக்குள் முடிவடைந்ததாக இருத்தல் வேண்டும். கதவு பூட்டப்பட்டுப் பதினெட்டு மாதம் ஆனபோது உண்மையைச் சொல்லியிருந்தால், நீதிமன்றத்தை அணுக இன்னும் 6 மாதம் எஞ்சியிருந்தது. சொல்லாத எட்டு மாதத்தில் அந்த அவகாசமும் கரைந்தது. நெடுநாள் பயன்பாட்டைத் தவிர வேறு ஆதாரம் இல்லையெனில், அவருடைய கோரிக்கை காலங்கடந்தது என்று தள்ளப்படும் ஆபத்து உண்டு. இவ்வாறு, மௌனம் குறைபாட்டை மறைத்ததோடு நில்லாமல், அதனைத் தீர்த்துக்கொள்ளும் வாய்ப்பையும் பறித்துவிட்டது.

இனி, விற்றவர்களின் நிலை என்ன? மனுவின் ரசீது தந்தையின் பெட்டியிலேயே இருந்ததால் அவர்கள் அறியவில்லை என்று சொல்ல இயலாது. கதவு திறந்திருந்ததால் வாங்கியவர் சாதாரணக் கவனத்தால் கண்டுபிடித்திருக்கலாம் என்றும் வாதிடுவது எளிதன்று. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், வாளா இருத்தலே மோசடியாகாது என்று பொதுவாகக் கூறினாலும், பேசவேண்டிய கடமை உள்ள இடத்தில் பேசாமலிருத்தல் மோசடியே என்று 17ஆம் பிரிவின் விளக்கத்தில் உரைக்கிறது. மோசடியின் அடிப்படையிலான வழக்குக்குரிய காலவரம்பும், 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டத்தின்படி, மோசடி கண்டறியப்பட்ட நாளிலிருந்தே தொடங்கும். ஆகவே, பணத்தைப் பெற்று வங்கியில் இட்டுவிட்டால் விவகாரம் முடிந்தது என்பது வீண் எண்ணம்.

தகராறு நீதிமன்றத்தை எட்டியிருந்தால் நிலைமை இன்னும் கடுமையானது. சொத்தின் உரிமை நேரடியாக வழக்கிடப்பட்டிருக்கும்போது அதனை விற்றால், விற்பனை செல்லாமற்போவதில்லை. ஆனால் வழக்கின் தீர்ப்பு வாங்கியவரையும் கட்டுப்படுத்தும். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இதனைக் கூறுகிறது. வழக்கு இருப்பதே வாங்கியவருக்குத் தெரியாது என்பது அங்கே தற்காப்பாகாது. இங்கே பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. ‘வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்த்தோம், ஒன்றும் இல்லை’ என்று அமைதி கொள்கின்றனர். அச்சான்றிதழ் பதிவுசெய்யப்பட்ட ஆவணங்களைக் காட்டுவது. மாவட்ட முன்சீப் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு தொடரப்பட்டது என்பதாலேயே அது சான்றிதழில் ஏறிவிடுவதில்லை. காவல் நிலைய மனுவும், வழக்கறிஞர் அறிவிப்பும், ஊர்ப் பேச்சும் அதில் ஒருபோதும் இடம்பெறா. இவற்றை அறிந்தவர் விற்பவரே. ஆதலின் அவருடைய வாய்ச்சொல்லே வாங்குபவருக்குரிய உண்மையான சான்றிதழ்.

சட்டம் இவ்வாறு கூற, இல்லறத்தார் மேற்கொள்ளும் சத்திய அணுவிரதமும் இதே பொருளைத் தொடுகிறது. தத்துவார்த்த சூத்திரத்தின் 7ஆம் அத்தியாயம் அவ்விரதத்திற்குக் கூறும் 5 அதிசாரங்களுள் ‘கூடலேகக் கிரியை’ ஒன்று. பொய்யான எழுத்தை எழுதுதல் என்பது அதன் பொருள். தகராறு இருப்பதை அறிந்துகொண்டே, விவகாரம் எதுவும் இல்லை என்னும் வரிக்குக் கீழே கையெழுத்திடுவதை வேறு எப்பெயரால் அழைப்பது? அதே பட்டியலில் ‘ரகோப்யாக்யானம்’ என்னும் மற்றோர் அதிசாரமும் உண்டு. பிறருடைய மறைவான செய்திகளை வெளியிடுதல் அது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கின், வீடு விற்பவருக்குரிய வழி தெளிவாகும். தகராறைச் சொல்ல வேண்டும். தகராறு செய்தவரைப் பழித்தல் கூடாது. ‘சந்தில் வழி உண்டு என்று எங்கள் தந்தையார் கருதினார், இல்லை என்று அடுத்த வீட்டார் கூறுகின்றனர், இன்ன நாளில் கதவு வைத்தனர், இன்ன நாளில் மனு கொடுக்கப்பட்டது’ என்பது வெளிப்படுத்தல். ‘அவர் குணம் அப்படி, அவர் குடும்பமே அப்படி’ என்பது புறங்கூறல். வாங்குபவர் நாளை முதல் அந்த மனிதரோடுதான் வாழப்போகிறார். அவர் செவியில் பகையை ஊற்றிவிட்டுப் போவது, மறைப்பதைப்போலவே அவருக்குச் செய்யும் தீங்கு.

வெளிப்படுத்துவதற்குச் சில நடைமுறைகள் உண்டு. முதலாவது, விற்பவர்கள் தாங்களே உண்மையை அறிந்துகொள்ளுதல். வீடு பலருக்குப் பொதுவானதாக இருக்கும்போது, அங்கே கடைசிவரை வாழ்ந்த ஒருவருக்கு மட்டுமே தகராறுகள் தெரிந்திருக்கும். பெரும்பாலும் அவர் அன்னையாராகவோ மூத்த அண்ணியாராகவோ இருப்பார். பத்திரத்தில் கையெழுத்திடும் பிள்ளைகள் அவரைக் கேட்பதேயில்லை. பொது அதிகார ஆவணத்தின்வழி முகவர் கையெழுத்திடும்போது இவ்விடைவெளி இன்னும் விரிகிறது. விற்பனைப் பேச்சைத் தொடங்குமுன் அந்த மூதாட்டியின் அருகே ஒரு மாலைப்பொழுது அமர்ந்து, சுவரும் சந்தும் கிணறும் நீர்வழியும் யாருடையவை, எவரோடு என்ன பேச்சு நடந்தது என்று கேட்டு எழுதிக்கொள்வது நன்று. பழைய பெட்டியிலுள்ள அறிவிப்புகளையும் ரசீதுகளையும் தேடி எடுப்பதும் அப்போதே செய்ய வேண்டிய பணி.

இரண்டாவது, எழுத்தில் சொல்லுதல். முன்பணம் வாங்கியபின் சொல்வது பயனில்லை. வாங்குபவர் அப்போது கட்டுண்டவர் ஆகிவிடுகிறார். கிரய ஒப்பந்தம் எழுதும்போதே தகராறின் தன்மை, தொடங்கிய காலம், கொடுக்கப்பட்ட மனு, வழக்காயின் நீதிமன்றமும் வழக்கு எண்ணும் ஆகியவற்றைக் குறித்து, அவற்றின் நகல்களை இணைத்து, வாங்குபவர் படித்து அறிந்ததாகக் கையெழுத்துப் பெற வேண்டும். வாய்மொழியாகச் சொன்னதைப் பின்னாளில் மெய்ப்பித்தல் அரிது. முடிந்துபோன வழக்கையும் சொல்வதே முறை. தீர்ப்பு அல்லது சமரச ஆணை வாங்குபவரையும் தொடரக்கூடும்.

மூன்றாவது, விற்குமுன் தீர்க்க முயலுதல். எல்லைத் தகராறாயின் நில அளவைக்கு விண்ணப்பித்து, நில அளவரைக் கொண்டு அளந்து கல் நாட்டிக்கொள்ளலாம். வழி, சுவர், நீர்வடிகால் பற்றியதாயின் மக்கள் நீதிமன்றத்தை அணுகலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி அங்கே ஏற்படும் உடன்பாடு உரிமையியல் நீதிமன்ற ஆணைக்கு ஒப்பானது; அதன்மேல் மேல்முறையீடு இல்லை. வழக்காகாத தகராறையும் அங்கே கொண்டுசெல்லலாம். பல ஆண்டுப் பிணக்கைத் தீர்க்கத் தூண்டாத அக்கறை, ‘விற்கப் போகிறோம், தகராறை எழுதித்தான் கொடுக்கப் போகிறோம்’ என்னும்போது இருதரப்பிலும் பிறப்பதுண்டு. புதிதாக வருபவரோடு பகையில் தொடங்க அடுத்த வீட்டாரும் விரும்பமாட்டார்.

வாங்குபவருக்கும் பொறுப்பு உண்டு. சாதாரணக் கவனத்தால் கண்டுபிடித்திருக்கக்கூடியதைக் கண்டுபிடியாதவரின் குறைக்குச் சட்டம் எளிதில் செவிசாய்ப்பதில்லை. விற்கப்படும் மனையின் ஒரு பகுதி வேறொருவர் அனுபோகத்தில் இருந்தால், அவருடைய உரிமையை வாங்குபவர் அறிந்தவராகவே கருதப்படுவார் என்பதும் சட்டம். ஆகவே வீட்டை ஒருமுறை பார்த்தால் போதாது. வெவ்வேறு நாளில், இயன்றால் மழைக்காலத்தில் ஒருமுறை பார்த்தல் வேண்டும். பத்திரத்தின் செக்குபந்தியை நில வரைபடத்தோடும் தரையிலுள்ள அளவோடும் ஒப்பிட வேண்டும். நான்கு பக்கத்து வீட்டாரையும் நேரில் கண்டு வணக்கம் சொல்லி, தாம் வரவிருப்பதைத் தெரிவிக்க வேண்டும். தகராறு இருப்பின் பெரும்பாலும் அப்போதே வெளிவரும். இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் விற்பவர் பெயரைக் கொண்டு வழக்குகளைத் தேடலாம். பெயரின் எழுத்துக்கூட்டல் மாறினால் வழக்கு தப்பிவிடும் என்பதால் பல வடிவங்களில் தேடுவது நன்று.

எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்க வேண்டும். கேட்பதை மரியாதைக் குறைவு என்று கருதும் வழக்கம், உறவினருக்குள் நடக்கும் விற்பனைகளில் மிகுதி. இங்கிலாந்தில் அத்தயக்கத்திற்கு இடமில்லாதபடி ஒரு முறை அமைந்துள்ளது. வாங்குபவரே விழிப்பாயிருக்க வேண்டும் என்பது அந்நாட்டின் பழைய சட்டநெறி. ஆயினும் வழக்கறிஞர் சங்கமாகிய லா சொசைட்டி வகுத்த சொத்து விவரப் படிவத்தை விற்பவர் நிரப்பித் தருவது அங்கே வழக்கம். இச்சொத்தையோ அருகிலுள்ள சொத்தையோ பற்றித் தகராறு அல்லது புகார் இருந்ததா, தகராறுக்கு வழிவகுக்கக்கூடிய எதுவும் தெரியுமா என்று அப்படிவம் கேட்கிறது. பொய்யான விடை எழுதியவர்மீது 1967ஆம் ஆண்டின் சட்டப்படி இழப்பீடு கோரலாம். அச்சிட்ட படிவம் கேட்பதால் எவர் மனமும் புண்படுவதில்லை. அத்தகைய நான்கைந்து கேள்விகளை ஒரு தாளில் எழுதி, விற்பவரின் விடையையும் கையெழுத்தையும் பெறுவதற்கு இங்கே தடையேதும் இல்லை. தொடர்புடைய கேள்விகளுக்கு விற்பவர் விடை கூற வேண்டும் என்று 55ஆம் பிரிவு முன்னமே விதித்திருக்கிறது.

சொன்னால் விலை குறையாதா என்பது இறுதிக் கேள்வி. குறையலாம். சில வேளைகளில் வாங்க வந்தவர் விலகியும் போகலாம். தகராறு தீரும்வரை விலையின் ஒரு பகுதியை நிறுத்திவைக்க அவர் கேட்கலாம். இவை உண்மையான இழப்புகளே. அவற்றை இல்லையென்று மறைப்பதில் பயனில்லை. ஆனால் மறைத்துப் பெறும் கூடுதல் தொகை விற்பவருடையது அன்று. ஓய்வூதியத்தைச் சேர்த்து வீடு வாங்கிய ஒருவரிடமிருந்து, அவர் அறியாமல் எடுத்துக்கொண்டது. சொல்லிவிட்டு விற்றவருக்கோ பெரியதோர் அரண் கிட்டுகிறது. அறிந்தே வாங்கியவர் பின்னாளில் ‘மறைத்தார்’ என்று வழக்கிட முடியாது.

அப்போது கிரயப் பத்திரத்தின் அந்த ஒரு வரியையும் திருத்தி எழுதலாம். “கிழக்குப் பக்கச் சந்தின் நடைவழி குறித்து அடுத்த மனைக்காரருடன் கருத்து வேறுபாடு உள்ளது, அதன் விவரங்களையும் ஆவணங்களையும் வாங்குபவர் பார்த்து அறிந்துகொண்டார், இதனைத் தவிர வேறு விவகாரம் எதுவும் இல்லை” என்று எழுத ஒரு நிமிடம் போதும். வழக்கறிஞர் துணையோடு அதனை முறையாக அமைத்துக்கொள்ளலாம்.

ஊரைவிட்டுச் சென்ற குடும்பங்கள் ஊரை முற்றிலும் விட்டுவிடுவதில்லை. ஆலயத்தின் ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளோடும் பேரப்பிள்ளைகளோடும் வருகின்றனர். விற்ற வீட்டைக் கடந்துதான் ஆலயத்துக்குச் செல்ல வேண்டும். அப்போது அந்த வீட்டில் இப்போது வாழ்பவர் வாசலுக்கு வந்து, “உள்ளே வாருங்கள், வெயிலில் வந்திருக்கிறீர்கள், தண்ணீர் அருந்திவிட்டுப் போகலாம்” என்று அழைக்கவும், வந்தவர்கள் தயக்கமின்றித் தம் பாட்டனார் கட்டிய திண்ணையில் அமரவும், அடுத்த வீட்டாரும் எட்டிப் பார்த்து நலம் விசாரிக்கவும் கூடுமானால், அந்த விற்பனை நேர்மையாக நடந்தது என்று கொள்ளலாம்.